புகார் வராத தெரு

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் போன் அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ அப்படிக் கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவரைவிட எட்டு வயது மூத்தவரான வால்வுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஊரில் எந்தத் தெருவில் குழாய் ஒழுகினாலும், எந்த வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும், வந்தது கலங்கலாக இருந்தாலும், முதலில் அது அவர் காதில்தான் விழும். பத்து வருடமாகப் புகார்ப் பிரிவு என்றால் அவர்தான்.

நான் பக்கத்திலேயே ஸ்டோர் கீப்பர். எங்கள் இருவருக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு. வால்வு, காலர், ரப்பர் வளையம், கிரீஸ் டப்பா எல்லாம் என் பக்கம். இரண்டு போன், ஒரு மின்விசிறி, ஊர் முழுவதின் கோபம் எல்லாம் அவர் பக்கம். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரிகள் வரிசையாக வந்து நிரப்பிக்கொண்டு போகும். மேலேயிருந்து தண்ணீர் விழும் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. அதனால் அவருக்குக் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசும் பழக்கம் வந்துவிட்டது. வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறார் என்று அவருடைய மாமியாருக்குக் குறை.

திட்டுகிறவர்களைச் சமாளிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் இரண்டு நிமிடம் குறுக்கே பேச மாட்டார். எதிர்முனையில் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தும்போது, "எந்தத் தெருங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும். திட்டிக்கொண்டே வீட்டு எண்ணைச் சொல்வது யாருக்கும் வராத காரியம். ஒரு மாடிவீட்டுக்காரர், கீழ்வீட்டில் திருட்டுத்தனமாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று கிசுகிசுத்துவிட்டு வைப்பார். பத்து நிமிடத்தில் கீழ்வீட்டுக்காரர், மாடியில் தொட்டி நிரம்பி வழிகிறது என்று கூப்பிடுவார். இருவர் சொன்னதையும் அக்கா ஒரே பக்கத்தில் எழுதி, சண்டை போடாமல் இருக்கட்டும் என்று நடுவில் ஒரு கோடு போட்டுவைப்பார்.

அவர் வீட்டில் தண்ணீர் வராவிட்டால் மாமியார் மருமகளின் கைபேசிக்குப் பேச மாட்டார். அலுவலக எண்ணுக்குத்தான் பேசுவார். வாய்வார்த்தையாகச் சொன்னால் மருமகள் மறந்துவிடுவாளாம். புகார் எண் கொடுத்தால்தான் நம்பிக்கையாம். அக்கா முகம் மாறாமல் எண் சொல்வார். மாமியார் அதைக் காலண்டரில் எழுதிக்கொண்டு, சரிதானா என்று திருப்பிப் படித்தும் காட்டுவார். வீட்டில் மொத்தம் மூன்று பேர். கணவருக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. அதிகம் பேசாத மனிதர். அம்மாவும் மனைவியும் பேசுவதே அந்த வீட்டுக்குப் போதும் என்று விட்டுவிட்டார் போல.

போன வருடம் எங்கள் பிரிவுக்குப் புது இன்ஜினியர் வந்தார். இளம் பெண். வந்த மாதமே கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்து, பழைய புகார் ரெஜிஸ்டர்களையெல்லாம் தெருவாரியாக அதில் ஏற்றச் சொன்னார். எந்தத் தெருவில் அடிக்கடி புகார் வருகிறதோ அங்கே குழாய் பழுதாகிவிட்டது என்று அர்த்தம். அதை முதலில் மாற்றலாம் என்பது அவருடைய கணக்கு. நல்ல யோசனைதான். நான்கு மாதம் அக்கா போனையும் எடுத்துக்கொண்டு தட்டச்சும் செய்தார். கடைசியில் பட்டியல் வந்தது. அதிகப் புகார் உள்ள தெருக்கள் மேலே சிவப்பில், குறைவானவை கீழே பச்சையில்.

பிரிவு அதிகாரிக்கு மேலே பார்க்க விருப்பமில்லை. நேராகக் கீழே போனார். பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆறாவது குறுக்குத் தெருவில் எண்பத்து நான்கு வீடுகள். ஒன்பது வருடத்தில் ஒரு புகார்கூட இல்லை. அவருக்கு முகமெல்லாம் பல். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் இந்தத் தெருவை முன்மாதிரி என்று போட வேண்டும், படம் எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார்.

அன்று மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"எண்பத்து நாலு வீடு. ஒன்பது வருஷம். ஒரு ரப்பர் வளையம்கூடத் தேயலையா தம்பி?"

நல்ல தெருவாக இருக்கும், பொறுமைசாலிகளாக இருப்பார்கள் என்று ஏதோ சொன்னேன். தன் வீட்டில் மூன்றே பேர், மாமியார் ஒருவரே மாதம் இரண்டு எண் வாங்குகிறார், எண்பத்து நான்கு வீட்டில் ஒரு மாமியார்கூட இல்லையா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

பட்டியலில் இருந்தது ஒன்பது வருடம்தான். அதற்கு முந்தைய ரெஜிஸ்டர்கள் நைந்துபோனவை என்று கம்ப்யூட்டரில் ஏற்றாமல், சாக்கில் கட்டி என் ஸ்டோரில் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் காகித ஆலைக்குப் போக வேண்டியவை. அன்று மாலையே இரண்டு சாக்குகளை அவிழ்த்தோம். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று நான் நினைத்த நேரத்தில், அக்கா ஒரு ரெஜிஸ்டரை மடியில் விரித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆறாவது குறுக்குத் தெரு, வீட்டு எண் முப்பத்தொன்று, தண்ணீர் வரவில்லை. அதே வரி இருபத்து மூன்று நாட்களுக்குள் பத்தொன்பது முறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில் "சரி செய்யப்பட்டது". புகாரை எழுதியதும், சரி செய்யப்பட்டது என்று எழுதியதும் ஒரே கையெழுத்து. அக்காவின் கையெழுத்து. அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தச் சமயத்தில், எந்தப் புகாரானாலும் மூன்று நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முடியாதவை எத்தனை என்று வாராவாரம் எண்ணுவார்கள். அப்போதிருந்த மேற்பார்வையாளர் ஃபிட்டரின் நோட்டைக் காட்டி, அந்தத் தெரு வேலை முடிந்துவிட்டது, நீ சரி செய்யப்பட்டது என்று போட்டுவிடு என்றார். புதிதாகச் சேர்ந்தவர், போட்டுவிட்டார். ஆனால் முப்பத்தொன்றாம் எண் வீட்டுப் பெண் மறுநாளும் கூப்பிட்டார். விடுமுறை நாட்கள் தவிர தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார். இருபத்து நான்காம் நாள் பதினொரு மணிக்குப் போன் வரவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று தனக்கு நிம்மதியாக இருந்ததையும் அக்கா மறைக்காமல் சொன்னார்.

சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. என் ஸ்கூட்டரில் போனோம். தெருவுக்குள் நுழைந்த உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீல டிரம். சிலவற்றுக்கு மூடி, சிலவற்றுக்குப் பூட்டு. ஒரு வீட்டுச் சுவரில் குழாய் இருந்தது. அதில் குடையை மாட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் குழாயை அறுத்து, ஓட்டையில் துணியைத் திணித்திருந்தார்கள். அடுத்த தெருவின் பொதுக்குழாயிலிருந்து ஒருவர் தள்ளுவண்டியில் ஆறு குடங்களோடு வந்துகொண்டிருந்தார். இங்கே குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஊருக்குப் புதுசா என்ற கேள்வி இருந்தது. குழாய்த் தண்ணீர் எல்லாம் இந்தத் தெருவுக்குக் கிடையாது, செவ்வாயும் வெள்ளியும் லாரி வரும் என்றார்.

அந்த லாரியை அக்கா வாரம் இரண்டு முறை தன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். லாரிப் பிரிவு தனி. அவர்களுடைய பட்டியலில் இந்தத் தெருவுக்கு நேரே "தற்காலிகம்" என்று இருந்ததைப் பிறகு பார்த்தோம். ஒன்பது வருடத் தற்காலிகம்.

முப்பத்தொன்றாம் எண் வீட்டில் ஓர் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து துணிப்பை தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரே அறை, ஓரத்தில் தைத்த பைகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. தண்ணீர் ஆபீஸிலிருந்து வருகிறோம், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வந்தோம் என்று அக்கா சொன்னார். மெஷின் நின்றது.

"இன்னொரு தடவை பேசுங்க" என்றார் அந்த அம்மா.

அக்காவுக்குப் புரியவில்லை. சொன்னதையே மறுபடி சொன்னார்.

"அப்ப போன்ல பேசினது நீங்கதானே? அதே குரல்."

அக்கா ஆமாம் என்று தலையசைத்தார். அந்த அம்மா பைகளை ஒதுக்கி, எங்களுக்கு உட்கார இடம் செய்தார். அவர் பேச்சில் கோபம் இல்லை. பழைய சக ஊழியரைப் பார்த்த மாதிரிதான் பேசினார். அந்த வருடம் அவருடைய கணவர் படுத்த படுக்கையாக இருந்திருக்கிறார். காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஆகாரம் கொடுத்துவிட்டு நிமிரும்போது பதினொரு மணி ஆகும். அதற்குப் பிறகுதான் முனையிலிருந்த கடைக்குப் போய்ப் போன் பேச முடியும்.

"வேற யாராவது எடுத்தா சொல்லி முடிக்கறதுக்குள்ள வச்சுடுவாங்க. நீங்கதான் முழுசா கேட்டீங்க. அதான் தினமும் கூப்பிட்டேன்."

"அப்புறம் ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"சரி பண்ணியாச்சுன்னு எழுதியிருக்குன்னு நீங்க சொன்னீங்க. நீங்க பொய் சொல்ற ஆளாத் தெரியல. பக்கத்து வீடுங்க அப்பவே லாரித் தண்ணிக்கு மாறிட்டாங்க, அவங்க குழாய்ல வருதான்னு நான் கேட்டுப் பார்க்கல. அப்ப கோளாறு என் வீட்டுக் குழாய்லதான்னு நினைச்சேன். வாசப்படியை உடைச்சு, புதுசா குழாய் போட்டேன். அதுலயும் வரல. அதுக்கு மேல உங்களைத் தொந்தரவு பண்ண வெட்கமா இருந்துச்சு."

ஒரு படியில் மட்டும் சிமெண்டின் நிறம் வேறாக இருந்ததை உள்ளே வரும்போதே நான் பார்த்திருந்தேன். அக்கா எழுந்து வாசல்வரை போய் அந்தப் படியைப் பார்த்தார். பிறகு, சரி செய்யப்பட்டது என்று எழுதியதே தான்தான், யாரும் வந்து பார்க்காமலே எழுதியது என்று சொல்லிவிட்டார். போனில் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர், அன்று எதிரே நின்று கேட்டார். அந்த அம்மா நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கணவர் அந்த வருடக் கடைசியில் போய்விட்டார் என்றும், அது தண்ணீரால் இல்லை என்றும், ஆனால் கடைசி மாதங்களில் அவரை இன்னும் கொஞ்சம் சுத்தமாக வைத்திருந்திருக்கலாம் என்றும் சொன்னார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"அதை விடுங்க. இப்ப தண்ணி வருமா?"

"தெரியலம்மா. தேடிப் பார்த்துட்டு, வந்தாலும் வராட்டாலும் நானே வந்து சொல்றேன்."

குடிக்கத் தண்ணீர் தரட்டுமா என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அந்த டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் எடுக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அக்கா ரெஜிஸ்டரோடு இன்ஜினியரிடம் போனார். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மட்டும் எழுதினால் போதும், ரெஜிஸ்டரை இழுக்க வேண்டாம், இழுத்தால் அக்கா பெயர்தான் அடிபடும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அக்கா வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தார். ரெஜிஸ்டர் இல்லாவிட்டால் முதல் புகாரின் தேதி இல்லை. தேதி இல்லாவிட்டால் அதற்கு முந்தைய நாள் அங்கே என்ன வேலை நடந்தது என்று ஃபிட்டர் நோட்டில் தேட முடியாது. அது தெரியாவிட்டால் தெரு முழுவதையும் தோண்ட வேண்டியதுதான். ஆகவே ரெஜிஸ்டரை இழுத்தே ஆக வேண்டும். நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஃபிட்டர் நோட்டு கிடைத்தது. முதல் புகாருக்கு முந்தைய நாள் பெரிய குழாயில் உடைப்பு. தெருமுனை வால்வை மூடிவிட்டு உடைப்பைச் சரி செய்திருக்கிறார்கள். "வேலை முடிந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான், வேலை முடிந்தது. மூடிய வால்வைத் திறந்ததாக மட்டும் எங்கும் இல்லை. அன்று மாலையே சாலைப் பிரிவு வந்து தார் போட்டிருக்கிறது. அடுத்தடுத்து வந்த வால்வுக்காரர்கள் யார் கண்ணிலும் அந்த வால்வு படவில்லை. மேற்கு லைனைப் பார்க்கும் எங்கள் வால்வுக்காரர் அந்தத் தெரு கிழக்கு லைன் என்று நினைத்திருந்தார். கிழக்கு லைன்காரர் அது மேற்கு என்று நினைத்திருந்தார்.

முனைக் கடையின் மூலையிலிருந்து பன்னிரண்டு அடி என்று நோட்டில் இருந்தது. அந்தக் கடையையோ சாலை அகலப்படுத்தும்போது இடித்து, பின்னால் தள்ளிக் கட்டிவிட்டார்கள். முதல் குழியில் கல். இரண்டாவது குழியில் டெலிபோன் கேபிள். நல்ல வேளை, அறுபடவில்லை. பாதிச் சாலையை அடைத்ததில் பஸ்காரர்கள் ஹாரனை அழுத்தி எங்கள் பரம்பரையையே விசாரித்தார்கள். இன்ஜினியர் வெயிலில் நின்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் கடையென்று ஒன்று இல்லாமல், ஒரு தார்ப்பாயும் தண்ணீர்த் தொட்டியுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வேடிக்கை பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் கேட்டார். "நீங்க தேடறது இரும்பா?" ஆமாம் என்றோம். "அப்படின்னா இங்க பாருங்க. டயர் கழட்டற கம்பி கை தவறி விழுந்தா, மத்த இடத்துல ஒரு சத்தம், இந்த இடத்துல வேற சத்தம்." கம்பியால் தட்டிக் காட்டினார். நாங்கள் அவருடைய தார்ப்பாயை மரியாதையோடு நகர்த்திவிட்டு அங்கே வெட்டினோம். இரண்டு கை ஆழத்தில் வால்வுப் பெட்டியின் மூடி தெரிந்தது. ஒன்பது வருடத்தில் பாதிக் காலம் அவர் அந்த மூடியின் மேல் உட்கார்ந்துதான் தொழில் செய்திருக்கிறார்.

பெட்டிக்குள் மண்ணும் தாரும் கெட்டித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டபின் வால்வின் தலை தெரிந்தது. வால்வுக்காரர் தன் நீளமான டி வடிவச் சாவியை மாட்டி அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஆறு பேர் சேர்ந்து திருகலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் தடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளை மாதிரிங்க இது. அவசரப்படுத்தினா முறுக்கிக்கும். கழுத்து ஒடிஞ்சா அப்புறம் யார்கிட்ட போறது?"

எண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். கால் சுற்று திறப்பார், மறுபடி மூடுவார். அரைச் சுற்று திறப்பார், மறுபடி மூடுவார். அன்று மூன்று சுற்றோடு நின்றது. மறுநாள் மதியத்துக்குள் மொத்தம் இருபத்திரண்டு சுற்றும் திறந்துவிட்டது. அக்கா போனை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அங்கே போய்விட்டார். இரண்டு மணி நேரம் புகார் எடுத்ததில் எனக்குக் காது சிவந்து, ஊரின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அதனால் தண்ணீர் வந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. வால்வுக்காரர்தான் வந்து சொன்னார். முதலில் குழாய்களெல்லாம் இருமினவாம். பிறகு காவி நிறத்தில் கொஞ்சம், பிறகு சேறு, அப்புறம் தண்ணீர். அறுத்து விட்டிருந்த குழாய்களிலிருந்து துணிப்பந்துகள் தெறித்து விழுந்தன. குடை மாட்டியிருந்த வீட்டில் குடைக்குள் தண்ணீர் கொட்டியது. ஒன்பது வருடம் காய்ந்து கிடந்த பழைய குழாய்கள் பதினேழு இடத்தில் பிய்த்துக்கொண்டன. தெருவே சேறாகி வழுக்கியது. அந்த வரிசையில் ஒழுகாத ஒரே வீடு முப்பத்தொன்றாம் எண். அங்கே மட்டும்தான் குழாய் புதுசு.

அக்கா அந்த வீட்டு வாசலில் நின்று, தண்ணீர் தெளியும் வரைக்கும் குடிக்க வேண்டாம், இரண்டு நாள் பொறுத்து நாங்கள் பரிசோதித்துச் சொல்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மா வாளியை நிரப்பி, முதல் காரியமாக அந்த வேறு நிறப் படியைக் கழுவினார் என்று வால்வுக்காரர் சொன்னார். அக்காவிடம் கேட்டதற்கு, அதெல்லாம் நான் கவனிக்கவில்லை என்றார். கவனித்திருப்பார்.

அடுத்த நாள் அந்த ஒரு தெருவிலிருந்து மட்டும் அறுபத்து மூன்று புகார்கள். ஒழுகுகிறது, கலங்கலாக வருகிறது, முனை வீட்டுக்கு வரும் வேகம் கடைசி வீட்டுக்கு வரவில்லை. அக்கா குரலில் அப்படியொரு உற்சாகத்தை நான் கேட்டதே இல்லை. "எந்தத் தெருங்க? ஆறாவது குறுக்கா? சொல்லுங்க, சொல்லுங்க" என்று விருந்தாளியை வரவேற்பது போல எழுதிக்கொண்டிருந்தார்.

பிரிவு அதிகாரிக்கு அந்த உற்சாகம் இல்லை. முன்மாதிரித் தெரு என்று மேலே எழுதி அனுப்பிய பிறகு, ஒரே வாரத்தில் அது பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டும். அந்த மேற்பார்வையாளர் உயிரோடு இல்லை. ஃபிட்டர் வேலையை விட்டு எங்கோ போய்விட்டார். சாலைப் பிரிவு வேறு துறை. ரெஜிஸ்டரிலும் ஃபிட்டர் நோட்டிலும் கையெழுத்துப் போட்டவர்களில் இன்னும் பணியில் இருப்பது போன் அக்கா ஒருவர்தான். உண்மைக்கு மாறாகப் பதிவு செய்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மெமோ வந்தது.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். மாமியார் கொதித்துப்போய்விட்டாராம். செத்த பாம்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று மகனிடம் புலம்பியிருக்கிறார். சாக்கில் போக வேண்டிய ரெஜிஸ்டர் ஆலைக்குப் போயிருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கும் அந்தக் கேள்வி உள்ளுக்குள் இருந்தது. கணவர் கடையிலிருந்து வந்து, கைகால் கழுவி, மெமோவை இரண்டு முறை படித்தாராம். படித்துவிட்டு, "நீ சொல்லு, நான் எழுதறேன். உன் கையெழுத்து கோபத்துல கோணும்" என்றாராம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்றரைப் பக்கத்தில் பதில் தயாரானது. அதில் யார்மேலும் பழி இல்லை. மேற்பார்வையாளர் சொன்னார் என்பதைக்கூட அக்கா வேண்டாம் என்று அடித்துவிட்டார். செத்தவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை என்று காரணம் சொன்னார். பார்க்காமல் எழுதினேன், அது தவறு; இனிமேல் கூப்பிட்டவர்களையே மறுபடி கூப்பிட்டுக் கேட்காமல் எந்தப் புகாரையும் முடிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தது.

மூன்று மாதம் கோப்பு மேலும் கீழுமாகப் போய்வந்தது. இன்ஜினியர் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதினார். இவர் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் வால்வு கிடைத்தே இருக்காது என்று. கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த எச்சரிக்கை பணிப் பதிவேட்டில் ஏறியது, இன்னும் இருக்கிறது. அதனால் அடுத்து வர வேண்டிய பதவி உயர்வு அவரைவிட இளையவர் ஒருவருக்குப் போனது. அன்று அவர் முகம் வாடித்தான் இருந்தது. இல்லை என்று நான் சொன்னால் அது பொய். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார். மறுநாள் சரியான நேரத்துக்கு வந்து போனை எடுத்தார்.

மறுபடி கூப்பிட்டுக் கேட்பது எங்கள் எல்லாருக்கும் தலைவலியாகிவிட்டது. முடிந்தது என்று ஃபிட்டர் சொன்னால் முன்பு முடிந்துவிடும். இப்போது அக்கா அந்த வீட்டுக்குப் போன் போட்டு, வருகிறதா, எவ்வளவு நேரம் வருகிறது, வாளி நிறைய எத்தனை நிமிடம் என்று கேட்பார். பாதி வேலைகள் முடியவில்லை என்று தெரிந்தது. ஃபிட்டர்கள் முணுமுணுத்தார்கள். என் ஸ்டோரில் ரப்பர் வளையம் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. முடியாத புகார்களின் எண்ணிக்கை எங்கள் பிரிவில்தான் அதிகம் என்று இன்றைக்கும் மேலே திட்டுகிறார்கள். இன்ஜினியர் அதைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார்.

ஆறாவது குறுக்குத் தெருவுக்கு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வருகிறது. கடைசி நான்கு வீடுகளுக்கு இன்னும் வேகம் போதவில்லை. குழாயை மாற்ற வேண்டும், பட்டியலில் இருக்கிறது. லாரி நின்றுவிட்டது. பஞ்சர் கடைக்காரருக்கு வால்வுப் பெட்டிக்கு நான்கடி தள்ளி இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். பழைய இடத்தில்தான் வியாபாரம் நன்றாக இருந்தது என்று அவருக்கு வருத்தம்.

பட்டியலின் கீழ்ப்பக்கத்தில் புகாரே இல்லாமல் பச்சையில் இன்னும் மூன்று தெருக்கள் இருந்தன. அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். முதல் தெருவில் உண்மையிலேயே ஒரு குறையும் இல்லை. புதுக் குழாய், நல்ல அழுத்தம்; ஏன் வந்தீர்கள் என்று சந்தேகமாகக் கேட்டார்கள். இரண்டாவது தெருவைத் தேடி வால்வுக்காரரும் சேர்ந்து மூன்று பேராக அரைமணி நேரம் அலைந்தோம். தெருவே இல்லை. வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு, நீளமாகத் தகர வேலி போட்டிருந்தார்கள். வாசலில் காவலாளி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யார் நீங்கள், யார் புகார் கொடுத்தது என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் வால்வுக்காரரைப் பார்த்தேன். மூன்று பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. காவலாளி தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்து எழுந்துவிட்டார். அக்காதான் அவரைச் சமாதானப்படுத்தி, வீடுகளை இடித்தவர்கள் தண்ணீர்க் குழாய்களை அடைத்தார்களா, உள்ளே எங்கேயாவது தரை எப்போதும் ஈரமாகவே இருக்கிறதா என்று கேட்டார். காவலாளி கொஞ்சம் யோசித்தார். பின்பக்கம் கோரைப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது, வெயில் காலத்திலும் காயாது என்றார். காட்டுங்கள் என்று சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் நடந்தார்.